தாலி கட்டும் நேரத்தில் லைவ் நின்றால்: கேள்வி-பதில்

கேள்வி: தை மாதம் பொண்ணுக்குக் கல்யாணம். கோபி பக்கம் மண்டபம் பிடித்தாகிவிட்டது. பொண்ணோட அப்புச்சிக்கு உடம்பு முடியாது, அமெரிக்காவில் இருக்கிற கொழுந்தனார் குடும்பமும் வர வாய்ப்பில்லை. லைவ் போடலாம் என்று விசாரித்தால் ஒரு வீடியோக்காரர் 8,000 ரூபாய் என்கிறார், இன்னொருவர் ‘4கே லைவ்’ என்று சொல்லி 20,000 கேட்கிறார். போன ஆவணியில் அவிநாசியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் லைவ் நல்லா ஓடிக்கொண்டிருந்தது, சரியாகத் தாலி கட்டும்போது வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. எதைப் பார்த்து ஆளைப் பிடிப்பதுங்க?
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

பதில்: 4கே என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். 4கே படத்தை லைவாக அனுப்ப யூடியூப் பரிந்துரைக்கும் அளவு 30 எம்பிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை மெகாபிட் போகிறது என்ற வேகக் கணக்கு). அதைவிடத் தெளிவு குறைந்த 1080பி என்றால் 10, அதற்கும் கீழே 720பி என்றால் 4 போதும். மூன்று மணி நேரம் மண்டபத்திலிருந்து 30 எம்பிபிஎஸ் குறையாமல் மேலே ஏறும் என்று யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கேமரா வேண்டுமானால் 4கே-யாக இருக்கும். வெளியே போகிற லைன் சின்னதாக இருந்தால், ஏழரை குதிரைத்திறன் மோட்டாரை வைத்து முக்கால் இஞ்சு பைப்பில் தண்ணீர் பாய்ச்சிய கதைதான். அப்புச்சி பார்க்கப்போவது செல்போனில், மிஞ்சிப்போனால் வீட்டு டிவியில். நிற்காமல் ஓடுகிற 720பி அவருக்குத் தாராளம்.

அவிநாசிக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் ‘நல்லா ஓடிக்கொண்டிருந்து நின்றது’ என்று யார் சொன்னாலும் நான் முதலில் சந்தேகப்படுவது சிம் கார்டைத்தான். நிறைய பேர் சாதாரண செல்போன் சிம்மிலேயே லைவ் போட்டுவிடுகிறார்கள். தினம் 2 ஜிபி பிளான் என்று வையுங்கள். 4 எம்பிபிஎஸ்-ஸில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி காலி. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடியதும் அன்றைய கணக்கு முடிந்து, வேகம் லைவுக்குக் கொஞ்சமும் போதாத 64 கேபிபிஎஸ்-ஸுக்கு (விநாடிக்கு 64 கிலோபிட்) இறங்கிவிடும். சீரெல்லாம் முடிந்து முகூர்த்தத்துக்கு உட்காரும் நேரமும் கிட்டத்தட்ட அதுதானே. ‘எங்களது அளவில்லாத 5ஜி’ என்பார்கள். மண்டபத்துக்குள் போன் 4ஜி-க்கு இறங்கிவிட்டால் அந்தத் தினக் கணக்கிலிருந்துதான் கழியும்.

அடுத்தது கூட்டம். ஒரு டவரின் வேகத்தை அங்கே இருக்கிற எல்லாப் போன்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முகூர்த்த நாளில் பக்கத்து மண்டபத்திலும் கல்யாணம் இருக்கும். புதன்கிழமை மத்தியானம் காலி மண்டபத்தில் ஸ்பீட் டெஸ்ட் போட்டு ‘பாருங்க, 40 வருது’ என்று காட்டினால் அதற்கு மதிப்பே இல்லை. உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் வரும் ஏதாவது ஒரு முகூர்த்த நாளில், அதே மண்டபத்தில், வரவேற்பு நடக்கும்போது மேடை ஓரமாக நின்று பாருங்கள். பார்க்க வேண்டியது அப்லோட் எண்ணை (நம்மிடமிருந்து வெளியே போகிற வேகம்) மட்டும். டவுன்லோட் 200 காட்டினாலும் உங்களுக்கு அதனால் பிரயோசனம் இல்லை. அனுப்பப்போகிற அளவைப் போல இரண்டு மடங்கு அப்லோட் இருந்தால் நிம்மதி. 720பி-க்கு 8, 1080பி-க்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட நல்ல வழி, மண்டபத்து ஆபீஸில் ஃபைபர் இணைப்பு இருக்கிறதா என்று கேட்பது. இருந்தால் அங்கிருந்து மேடைக்கு லேன் ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். 100 மீட்டர் வரை இழுக்கலாம். வைஃபை வேண்டாம், ஆயிரம் பேர் போனோடு உட்கார்ந்திருக்கிற இடத்தில் அதை நம்ப முடியாது. ரவுட்டருக்கும் வீடியோ மிக்ஸருக்கும் சின்னதாக ஒரு யுபிஎஸ் கட்டாயம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் சில விநாடிகளில் எடுத்துவிடும், ஆனால் அணைந்த ரவுட்டர் மறுபடி லைன் பிடிக்க ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும்.

20,000 கேட்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்களிடம் இருப்பது பாண்டிங் கருவியா, இல்லை இரண்டு சிம் போடுகிற ரவுட்டரா?’ இரண்டு சிம் ரவுட்டர் ஒரு சிம் செத்தால் அடுத்ததற்கு மாறும், மாறும்போது லைவ் அறுபடும். பாண்டிங் என்பது வேறு. நாலைந்து சிம்களில் படத்தைப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பி, அந்தப் பக்கம் ஒரு சர்வரில் மறுபடி சேர்த்துக்கொள்ளும். ஒரு சிம் படுத்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. மண்டபத்தில் ஃபைபர் இல்லை, இவரிடம் உண்மையான பாண்டிங் கருவி இருக்கிறது என்றால், 4கே-க்கு இல்லாவிட்டாலும் அதற்காக அதிகம் கொடுக்கலாம். இல்லையென்றால் 8,000 ரூபாய்க்காரரே போதும்.

சத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வெளியூரில் இருந்து பார்ப்பவர்களின் பாதிக் குறை அதில்தான். நம் பக்கத்துப் பெரியவர்கள் மங்கல வாழ்த்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். கேமராவில் இருக்கிற மைக்கை நம்பினால் தவிலும் பந்திக் கூச்சலும்தான் அப்புச்சிக்குப் போய்ச் சேரும். வாழ்த்துப் பாடுபவர் சட்டையில் ஒரு காலர் மைக் மாட்டச் சொல்லுங்கள், அல்லது மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து கேமராவுக்கு ஒரு ஒயர் கொடுக்கச் சொல்லுங்கள். சத்த அளவைக் கெட்டிமேளம் கொட்டும்போது பார்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் கிழியும். மைக் செட்காரரிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள்: லைவ் ஓடும்போது சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூப் லைவையும் காப்புரிமைக்காகச் சோதிக்கிறது. பாட்டு மாட்டிக்கொண்டால் படத்துக்குப் பதில் வெறும் அட்டையைக் காட்டும், விடாமல் ஓட்டினால் லைவையே நிறுத்திவிடும். நாதஸ்வரம் இருக்கும்போது ஸ்பீக்கர் பாட்டு எதற்கு என்பது என் தனிப்பட்ட கடுப்பு, அதை விடுங்கள்.

பில்லில், அல்லது குறைந்தபட்சம் வாட்ஸப்பில், இவ்வளவும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை பி, எத்தனை எம்பிபிஎஸ், இணைப்பு யார் பொறுப்பு, லைவ் நின்றாலும் முழு நிகழ்ச்சியும் கேமரா கார்டில் பதிவாகுமா, நின்றால் எவ்வளவு திருப்பிக் கொடுப்பார். உங்கள் பெயரில் புது சேனல் தொடங்குவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே தொடங்கச் சொல்லுங்கள். புது சேனலில் லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். செல்போனிலிருந்து நேராக லைவ் போட 50 சந்தாதாரர்களும் வேண்டும். பேசியபடி செய்யவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் எழுத்து இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

கேள்வி: பேஸ்புக், யூடியூப் லைவில் சேலை விற்கிறேன். லைவில் பார்த்த கலர் வேறு, வந்த கலர் வேறு என்று வாரம் நாலு பார்சல் திரும்பி வருகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா? 60,000 ரூபாய் வரை ஒதுக்கலாம்.
*வாசகி, இளம்பிள்ளை*

பதில்: இப்போது கேமரா வாங்காதீர்கள். அரக்கு சிவப்பாகத் தெரிகிறதா, ராமர் பச்சை நீலமாகத் தெரிகிறதா, மயில்கழுத்துச் சேலையில் ஒரு சாயல் காணாமலே போகிறதா? அதெல்லாம் வெளிச்சத்தின் வேலை. ஜன்னல் வெயில் ஒரு பக்கம், டியூப்லைட் ஒரு பக்கம், எதிரே ரிங் லைட் என்று மூன்று வகை வெளிச்சம் கலந்தால் லட்ச ரூபாய்க் கேமராவும் குழம்பும். ஜன்னலுக்குத் திரை போடுங்கள், டியூப்லைட்டை அணையுங்கள், ஒரே மாதிரி இரண்டு எல்இடி பேனல் வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ (அந்த வெளிச்சத்தில் நிறம் எவ்வளவு உள்ளபடி தெரியும் என்ற எண்) 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். அந்த எண் எழுதாத லைட்டை விலை எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே கெல்வினில் (வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று காட்டும் அளவு), 5,600 பக்கம், வையுங்கள்.

அப்புறம் போன். முன்பக்கக் கேமராவை விட்டுப் பின்பக்கக் கேமராவில் எடுங்கள். தானாக மாறுகிற ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சரிசெய்தல்) வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். வெளிர் மஞ்சள் சேலையை எடுத்து வைத்துவிட்டுக் கறுப்புச் சேலையை விரிக்கும்போது படம் தானாக வெளுப்பதைக் கவனித்திருப்பீர்களே? பூட்டினால் அது நிற்கும். லைவ் தொடங்கும் முன் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, அது நீலமோ மஞ்சளோ அடிக்காமல் வெள்ளையாகவே தெரிகிறதா என்று இன்னொரு போனில் பாருங்கள். படத்தில் கோடுகள் ஓடினால் ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 விநாடிக்கு மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதற்கு ஒத்துவராத ஷட்டரில்தான் லைட் துடிப்பது தெரியும்.

சேலையை விசிறிக் காட்டாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அசைவு கூடக் கூட, அனுப்புகிற எம்பிபிஎஸ் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். பொடிக் கட்டம், நெருக்கமான புட்டா எல்லாம் அந்த நேரத்தில் கரைந்துவிடும். விரித்து, முந்தானையை ஐந்து விநாடி அசையாமல் பிடித்து, பிறகு பார்டரை நெருக்கமாகக் காட்டுங்கள். பார்சல் கட்டும் முன் வாசலில் நிழல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் பாதிச் சண்டை குறையும். மின் வணிகத்துக்கான 2020 விதிகள், விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லை என்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் ‘நோ ரிட்டர்ன்’ என்று லைவில் சொல்லிவிட்டால் போதும் என்று இருக்க வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் கேமரா வாங்கியே தீர வேண்டும் என்றால் கேப்சர் கார்டில் (கேமராப் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவி) ஏமாறாதீர்கள். மலிவான யுஎஸ்பி கார்டின் மேல் பெரிதாக 4கே என்று போட்டிருக்கும். அது 4கே-யை உள்ளே வாங்கும், கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது 1080பி-தான். உங்களுக்கு அதுவே போதும், 4கே என்று கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. சாயங்காலம் டியூஷன் லைவ் எடுத்தால் பிள்ளைகள் ‘சார், நிக்குது’ என்கிறார்கள். கம்பெனியில் கேட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.
*ஆசிரியர், காங்கேயம்*

பதில்: கம்ப்யூட்டரிலிருந்து லைவ் அனுப்ப ஓபிஎஸ் (OBS) மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதிலேயே விடை இருக்கிறது. லைவ் நிற்கும்போது புள்ளிவிவரப் பகுதியைத் திறந்து பாருங்கள். நெட்வொர்க்கில் விழுந்த ஃபிரேம் (போய்ச் சேராமல் விடுபட்ட படங்கள்) எண்ணிக்கை ஏறினால் லைன் கோளாறு. என்கோடிங் (படத்தை அனுப்புவதற்காகச் சுருக்கும் வேலை) பின்தங்குகிறது என்று காட்டினால் உங்கள் கம்ப்யூட்டருக்கு முடியவில்லை, கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. 720பி-க்கு இறக்குங்கள். போர்டைக் காட்டுகிற வகுப்பில் அசைவு குறைவு, 2.5 எம்பிபிஎஸ்-ஸே போதும். ஓபிஎஸ் அமைப்பில் பிட்ரேட்டை (அனுப்பும் வேகம்) ‘சிபிஆர்’ (CBR, ஒரே சீரான வேகம்) என்றும், கீஃபிரேம் (முழுப் படமாகப் போகிற ஃபிரேம்) இடைவெளியை 2 விநாடி என்றும் வையுங்கள்.

லைன்தான் கோளாறு என்றால் உங்கள் 100 என்பது டவுன்லோட் மட்டுமா என்று பாருங்கள். டவரிலிருந்து காற்றில் வருகிற இணைப்புகளில் அப்லோட் பெரும்பாலும் டவுன்லோடை விடக் குறைவு. வீட்டில் கிளவுடுக்குப் பதிவு அனுப்பும் சிசிடிவி இருக்கிறதா? அதுவும், பிள்ளைகளின் போன் போட்டோக்களைத் தானாக ஏற்றுவதும் உங்கள் அப்லோடைத்தான் தின்கின்றன. வகுப்பு நேரத்தில் நிறுத்திப் பாருங்கள். லேன் ஒயரில் கம்ப்யூட்டரை மாட்டி, சாயங்காலத்தில் சில நாள் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து, தேதியோடு படம் பிடித்து வையுங்கள்.

அப்போதும் குறைந்தால் புகார் எண்ணோடு எழுத்தில் புகார் கொடுங்கள். தீர்வு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். தொலைத்தொடர்பு வழக்கு நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று யாராவது சொன்னால், வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. உள்ளூர் கேபிள்காரர் மூலம் வந்த இணைப்பு என்றால் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், புகார் அந்தப் பெயருக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: கோயில் குண்டத் திருவிழாவை லைவ் போட சிக்னல் பூஸ்டர் ஒன்று ஆன்லைனில் பார்த்தோம். வாங்கலாமா?
*கோயில் கமிட்டி, அந்தியூர் பக்கம்*

பதில்: வேண்டாம். உரிமம் இல்லாமல் தனியார் சிக்னல் பூஸ்டர் வைப்பது சட்டவிரோதம், ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. சுற்றுவட்டாரத்தில் எல்லார் போனையும் அது கெடுக்கும், தொலைத்தொடர்புத் துறை வந்து எடுத்துக்கொண்டும் போகும். கோயிலுக்குப் பக்கத்தில் ஃபைபர் வந்த வீடு ஒன்று கட்டாயம் இருக்கும். அந்த வீட்டுக்காரரைக் கேட்டு, திருவிழாவுக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள்.