இன்க்ஜெட் பிரிண்டரில் சாயல் விழாத கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க மையை நாமே கலக்கலாமா?

கேள்வி: ஆறு நிற எப்சன் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படம் அச்சிட்டால் ஒரு தாளில் பச்சை தட்டுகிறது, இன்னொன்றில் செம்பழுப்பாக வருகிறது. மையைக் கலந்து இதைச் சரிசெய்ய வழி உண்டா?

உண்டு. ஆனால் சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சாம்பல் நிறம் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் கேட்கிறீர்கள் என்றால், அந்த வழிக்கே போகாதீர்கள். அது முடிகிற வேலையே இல்லை. சாம்பலைக் கரியால் உண்டாக்க வேண்டும். கரியில் இயல்பாக இருக்கும் பழுப்பை மட்டும் கொஞ்சம் நிறத்தைக் கொண்டு அடக்க வேண்டும். நான் செய்வது அதுதான்.

உங்கள் படத்தில் வெளிறிய வானமோ கன்னமோ இருக்கும் இடத்தை நல்ல உருப்பெருக்கியில் பாருங்கள். அங்கே கறுப்புப் புள்ளியே அநேகமாக இருக்காது. வெளிர் சயான், வெளிர் மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள்தான் நெருக்கமாக விழுந்திருக்கும். வெள்ளைத் தாளில் தனித்தனிக் கறுப்புப் புள்ளிகள் கண்ணை உறுத்தும் என்பதால் பிரிண்டரின் மென்பொருள் இப்படி மூன்று நிறங்களைச் சேர்த்துச் சாம்பலாகக் காட்டுகிறது. மூன்றில் ஒன்று இம்மி பிசகினாலும் சாயல் விழுந்துவிடும். சிவப்புச் சேலையில் அந்தப் பிசகு தெரியவே தெரியாது. சாம்பலில் உடனே தெரியும், ஏனென்றால் நம் கண் அங்கேதான் மிகவும் கறாராக இருக்கிறது.

இதில் வெளிச்சத்தின் தொல்லை வேறு. டியூப்லைட்டில் சுத்தமான சாம்பலாகத் தெரிந்த படத்தை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனால் பச்சையாகத் தெரியலாம். நிற மைகள் ஒவ்வொன்றும் ஒளியின் சில பகுதிகளை மட்டும் விழுங்குவதால், ஒளி மாறும்போது மூன்றின் சமநிலையும் மாறிவிடுகிறது. 2000-இல் வந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 2000பி இந்தக் கோளாறுக்கே பெயர்போனது. கரி அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுங்கும். எந்த விளக்கின் கீழும் அதன் நிறம் அவ்வளவாக மாறாது, வெயிலில் மங்குவதும் இல்லை.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருக்கும் ஜான் கோன் பல அடர்த்திகளில் கறுப்பு மைகளை வைத்து அச்சிடும் பியசோகிராபி முறையை 2000 வாக்கிலேயே விற்கத் தொடங்கினார். பால் ரோர்க் என்பவர் கரி மையை வீட்டில் நீர்க்கச் செய்யும் குறிப்புகளை எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று வெளியிட்டார். எப்சன் நிறுவனமே 2005-இல் ஆர்2400 பிரிண்டரில் மூன்று அடர்த்திகளில் கறுப்பு மையை வைத்தது. கையில் பணம் இருந்து, மையோடு மல்லுக்கட்டப் பிடிக்காது என்றால் அந்த வம்சத்தில் வந்த ஒரு பிரிண்டரை வாங்கிவிடுவதுதான் சரி.

கலப்பதாகவே முடிவு செய்தால், முதலில் கறுப்பு மை எதனால் ஆனது என்று பாருங்கள். டேங்க் பிரிண்டரோடு வரும் போட்டோ மைகள் பெரும்பாலும் டை வகை, அதாவது நீரில் கரைந்த சாயம். அவற்றின் கறுப்பில் கரி இல்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி: வடிதாளில் ஒரு துளி கறுப்பு மையை வைத்து, அதன் மேல் தண்ணீர் சொட்டுங்கள். டை மை என்றால் கொஞ்ச நேரத்தில் ஊதாவும் மஞ்சளும் நீலமுமாக வளையம் வளையமாகப் பிரிந்து ஓடும். இந்த மையை நீர்க்கச் செய்தால் கிடைப்பது சாம்பல் அல்ல, அந்த வளையங்களின் நிறம். கரியால் ஆன பிக்மென்ட் மை, அதாவது கரையாத துகள் மிதக்கும் மை, நடுவிலேயே கறுப்பாக நிற்கும், விளிம்பில் சாம்பல் படரும், அவ்வளவுதான். மேட் பிளாக் என்று விற்கும் பிக்மென்ட் மை இதற்குச் சரி. அது பளபளப்பான தாளில் ஒட்டாது, விரலால் தேய்த்தால் வந்துவிடும். எனவே மேட் தாளில் மட்டும் அச்சிடுங்கள். டை மையையும் பிக்மென்ட் மையையும் ஒரே புட்டியில் கலக்கவே கூடாது. திரிந்து போய், மையைத் தாளில் பீய்ச்சும் பிரிண்டர் தலையை அடைத்துவிடும்.

நீர்க்கச் செய்ய வெறும் தண்ணீர் போதாது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மையினுடையதைப் போல இரண்டு மடங்கு, பாகுத்தன்மையும் குறைவு. தலையின் நுண்துளைகள் வேறு ஒரு திரவத்துக்காகச் செய்யப்பட்டவை. காய்ச்சி வடித்த நீர், அதில் கொஞ்சம் கிளிசரின், இருட்டறையில் பிலிம் கழுவப் பயன்படுத்தும் போட்டோ-ஃப்ளோவில் சில துளிகள்: ரோர்க்கின் குறிப்பின் சாரம் இவ்வளவுதான். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ வேண்டாம். அவற்றில் உள்ள உப்பு கரித்துகளைத் திரளவைக்கும். பிரிண்டரில் ஒவ்வொரு நிற மைக்கும் ஓர் அறை உண்டு; அவற்றில் கறுப்புக்கான அறையில் மையை அப்படியே ஊற்றுங்கள். அடுத்தடுத்த அறைகளுக்கு, முந்தையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடர்த்தி. கடைசி மை பார்க்க அழுக்குத் தண்ணீர் போல இருக்கும். வானத்தில் புள்ளி தெரியாமல் காப்பது அதுதான்.

ஐந்து அறைகள் கரிக்கு. ஆறாவது அறைக்கு வருவோம். கரி மை நீர்க்க நீர்க்கப் பழுப்பாகும். துகள் பொடியாக இருந்தால் பழுப்பு இன்னும் கூடும். வெள்ளை வேட்டியின் மஞ்சளைப் போக்கச் சொட்டு நீலம் போடுவதில்லையா, அதே வேலைதான் இங்கும். நீர்த்த பிக்மென்ட் சயானில் சிறிதளவு மெஜந்தா சேர்த்தால் பழுப்புக்கு நேர் எதிரான நீலம் கிடைக்கும். சயான் மட்டும் என்றால் பச்சை எட்டிப் பார்க்கும். மெஜந்தாவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள், ஏனென்றால் வெளிச்சத்தில் முதலில் மங்குவது பெரும்பாலும் அதுதான். அது போனால் சுவரில் மாட்டிய படம் சில வருடங்களில் பச்சை பிடிக்கும்.

இந்த நீலத்தைச் சாம்பல் புட்டிகளுக்குள் ஊற்றிவிடும் ஆசை வரும். வேண்டாம், தனி அறையிலேயே இருக்கட்டும். காரணம் தாள். நடுநிலை என்பது மையின் குணம் மட்டுமல்ல. சாம்பலைக் கண் தாளின் வெள்ளையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. ஒளிர்வூட்டி சேர்த்த பளிச்சென்ற தாளின் வெள்ளை உண்மையில் நீலம் கலந்தது. அதன் மேல், நிறத்தை அளக்கும் கருவியான நிறமானி சுத்தமான சாம்பல் என்று சொல்லும் நிறமும் மஞ்சளாகத் தெரியும். ஒளிர்வூட்டி இல்லாத பருத்தித் தாள் கொஞ்சம் பாலேடு நிறம். அங்கே அதே சாம்பல் நீலமாகத் தெரியும். எனவே வெளிர் பகுதியில் தாளின் சாயலை ஒட்டியும், கருமை கூடக்கூடச் சுத்தமான நடுநிலையை நோக்கியும் போக வேண்டும். அதற்கு நீலத்தின் அளவு ஒவ்வொரு தாளுக்கும், ஒவ்வொரு அடர்த்திக்கும் வேறு வேறு. புட்டியில் கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. தனி அறையில் இருந்தால், எந்த மை எவ்வளவு விழ வேண்டும் என்று நாமே சொல்லவிடும் ராய் ஹாரிங்டனின் குவாட்டோன்ரிப் மென்பொருளில் எண்ணை மாற்றினால் போதும். அது பெரும்பாலும் எப்சன் பிரிண்டர்களுக்கு; உங்கள் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று மை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சோதனைக்கு வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிகள் கொண்ட பட்டையை அச்சிடுங்கள். ஓர் இரவு காயவிட்ட பிறகே பாருங்கள். ஈரம் போகப் போக நிறமும் அடர்த்தியும் சற்று நகரும். நிறமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பட்டையை நீளவாக்கில் வெட்டி, நீலம் கூட்டியும் குறைத்தும் எடுத்தவற்றை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, வெயில் நேராகப் படாத ஜன்னலோரத்தில் பாருங்கள். தனியாகப் பார்த்தால் எல்லாமே சாம்பல்தான். பக்கத்தில் வைத்தால்தான் ஒன்று நீலம், ஒன்று பழுப்பு என்று தெரியவரும். படம் எந்த விளக்கின் கீழ் தொங்கப் போகிறதோ அங்கேயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கரி அடியில் படியும் பொருள் என்பதால் பிரிண்டரை மாதக்கணக்கில் சும்மா வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை, நுண்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் எடுங்கள். புட்டியை ஊற்றும் முன் மெதுவாகப் புரட்டுங்கள், குலுக்கினால் நுரை வந்து குழாயில் காற்று ஏறும். நீங்கள் இப்போது வண்ணப் படங்களுக்கு வைத்திருக்கும் பிரிண்டரில் இதைத் தொடங்க வேண்டாம். கரி ஏறிய இயந்திரத்தைக் கழுவி மறுபடி வண்ணத்துக்குக் கொண்டுவருவது பெரும் பாடு; தலை நன்றாக இருக்கும் பழைய ஆறு நிற எப்சன் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.