ஆறாவது பாடம் பிரெஞ்சாகவே இருக்கட்டும்

ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பதினோராம் வகுப்பு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு இமர்ஷன், அதாவது மற்றப் பாடங்களில் பலதையும் பிரெஞ்சிலேயே படிக்கிற முறை. அடுத்த வருடப் பாடங்களைத் தெரிவுசெய்ய இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. மார்க்கத்தில் இருக்கிற பெரியப்பா, "பிரெஞ்சு படிச்சு என்ன கிழிக்கப் போறாள், அதை விட்டிட்டு கொம்பியூட்டர் எஞ்சினியரிங்குக்கு ஆயத்தப்படுத்துங்கோ" என்கிறாராம். பிள்ளைக்கோ வெளிநாடுகளில் கனடாவின் கலையையும் வரலாற்றையும் எடுத்துச் சொல்கிற வேலைக்குப் போக ஆசை. "அப்படி ஒரு வேலை உண்மையிலே இருக்கா? இல்லாட்டி இப்பவே சொல்லிப்போடுங்கோ" என்று முடித்திருக்கிறார்.

அக்கா, இருக்கிறது. அதற்குமேல் உங்களை ஆறுதல்படுத்தப் போவதில்லை. உங்கள் வீட்டில் நடக்கிற வாக்குவாதமே பிழையான இடத்தில் நடக்கிறது.

ஒன்ராறியோவில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பாடங்கள் வேண்டும். எஞ்சினியரிங் துறைகள் வழக்கமாகக் கேட்பவை ஐந்து: ஆங்கிலம், உயர்நிலைச் சார்புகள், கல்குலஸ், பௌதிகவியல், இரசாயனவியல். ஆறாவது பாடம் பிள்ளையின் விருப்பம். ஆகவே பெரியப்பா சொல்கிற வழியில் போனாலும் பிரெஞ்சுக்கு இடம் இருக்கிறது. அதை விடச்சொல்வதில் ஒரு லாபமும் இல்லை, நட்டம் மட்டும் பெரியது. இமர்ஷன் சான்றிதழுக்குப் பத்து கிரெடிட் பிரெஞ்சில் எடுத்திருக்க வேண்டும்: நாலு மொழிப்பாடம், ஆறு மற்றப் பாடங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடம்தான் அந்த நாலில் கடைசி. பதினொரு வருடம் நடந்துவிட்டுப் படலையடியில் திரும்பி வருகிற மாதிரி இருக்கும்.

இனி அந்த வேலைக்கு வருகிறேன். கலாசாரத்தைப் பரப்புவது என்றவுடன் குத்துவிளக்கு, பொன்னாடை, மேடைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். பாரிஸில் கனடாவின் கலாசார மையம் 1970இல் திறந்தது. 2018இல் இருந்து தூதரகம் இருக்கிற ஃபோபூர்க் சென் ஒனோரே வீதிக் கட்டடத்திலேயே இயங்குகிறது. இப்படியான இடத்துக்கு, கனடாவின் வடக்கிலுள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் சிற்பக் கண்காட்சி ஒன்று போகிறது என்று வையுங்கள். வால்ரஸ் என்கிற கடல்விலங்கின் தந்தத்தில் செதுக்கியது என்றால் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். சீல் தோல் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை இருக்கிறது; இனுயிட் மக்கள் வேட்டையாடியதற்கு விலக்கு உண்டு, ஆனால் அதற்கான சான்றிதழ் கூடப் போக வேண்டும். இசைக்குழு போகிறது என்றால் ஏ.டி.ஏ கார்னே என்கிற சுங்கப் பத்திரம். அதில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தொடர் எண், பெறுமதியோடு எழுத வேண்டும். வயலினைப் பதிந்துவிட்டு அதன் வில்லை மறந்தால் எல்லையில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுதி, கதைத்து, நேரத்துக்கு முடிக்கத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள்.

இதில் உள்ள பள்ளத்தையும் சொல்லவேண்டும். இந்தத் துறை அரசாங்கக் காசில் ஓடுகிறது. கலைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிய புரொம்ஆர்ட் திட்டத்தை 2008இல் வெட்டினார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கனடாவைப் பற்றிப் படிப்பிக்கவும் ஆராயவும் உதவிய 'அண்டர்ஸ்ராண்டிங் கனடா' 2012இல் போனது. 2018இல் திரும்பவும் படைப்புத்துறை ஏற்றுமதிக்கென்று ஐந்து வருடத்துக்கு 125 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். ஆட்சி மாறினால் அலை மாறும். தூதரகங்களில் கலாசாரப் பகுதியில் இருப்பவர்களில் பலர் அந்தந்த நாட்டிலேயே எடுக்கப்பட்ட ஊழியர்கள். அங்கே வேலை செய்யும் உரிமை இல்லாமல் ரொறன்ரோவில் இருந்துகொண்டு அந்த இடங்களுக்கு விண்ணப்பித்துப் பயனில்லை. ஆகவே "கலாசார இராஜதந்திரம்" என்று பெயர் போட்ட பட்டத்துக்குக் கடன் வாங்காதீர்கள். நிலைத்து நிற்கப்போவது பிரெஞ்சும், ஒரு நிகழ்ச்சியைக் கணக்கோடு நடத்தத் தெரிந்த கையும்.

ரீச்சர் வேலை, மொழிபெயர்ப்பு, வெளிவிவகாரப் பரீட்சை எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள். ஒருவரும் சொல்லியிராத ஒன்று: பிரான்சில், முதலாம் உலகப்போரில் கனேடியப் படை சண்டையிட்ட விமியில் இருக்கிற நினைவுத்தலத்தின் மாணவ வழிகாட்டி வேலை. கனடாவின் முன்னாள் படைவீரர் அமைச்சு கனேடியக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவரை நான்கு மாத அளவிலான தவணைகளில் அங்கே சம்பளத்துக்கு எடுக்கிறது. 18 வயது தாண்டியிருக்க வேண்டும், முழுநேர மாணவராக இருக்க வேண்டும், ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டும் வாயில் ஓட வேண்டும். கனடாவின் தேசிய வரலாற்றுத் தலங்களில் இரண்டுதான் நாட்டுக்கு வெளியே இருக்கின்றன: விமியும், அதே வடபிரான்சில் இருக்கிற போமோன் ஹமெலும். வழிகாட்டிகள் இரண்டிலும் நிற்பார்கள்.

அங்கே பிள்ளை என்ன செய்வாள்? காலையில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பேருந்து வரும், பின்னேரம் இங்கிலாந்துப் பிள்ளைகள். 1917 ஏப்ரல் 9 தொடக்கம் 12 வரை நடந்த சண்டையை ஒரே நாளில் இரண்டு மொழியில், இரண்டு விதமான பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். போர்க்காலச் சுரங்கப்பாதைக்குள் வழிகாட்டி இல்லாமல் ஒருவரையும் விடமாட்டார்கள். குளிரும் ஈரமும் உள்ள இருட்டில், பின்வரிசையில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரிக் கதைக்க வேண்டும். மேலே வந்தால் புல்வெளியில் செம்மறிகள் மேயும். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடப்பதால் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்ட முடியாது, அதனால் ஆடுகள். "அது ஏன் ஆடு?" என்று சின்னப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வயதான ஒருவர் தாத்தாவின் தமையன் பெயரைத் தேடி வருவார். நினைவுச்சின்னச் சுவரில் பிரான்சில் உடல் கிடைக்காமல் போன 11,285 கனேடியப் படைவீரரின் பெயர்கள் இருக்கின்றன; அவள் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த ஒரு பெயரைக் காட்ட வேண்டும். போமோன் ஹமெலில், 1916 ஜூலை முதலாம் திகதி நியூஃபவுண்ட்லாந்துப் படையணி அரை மணித்தியாலத்துக்குள் அழிந்த இடத்தில் நின்றுகொண்டு, 1949 வரை நியூஃபவுண்ட்லாந்து கனடாவில் சேரவில்லை என்பதையும் விளக்க வேண்டும். நாலு மாதம் இதைச் செய்த பிள்ளைக்கு நேர்முகத்தேர்வில் கை நடுங்காது.

எங்கே பிழை வரும் என்றும் கேளுங்கள். இமர்ஷன் பிள்ளைகள் வாசிப்பார்கள், எழுதுவார்கள்; கதைக்கும்போது ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். வேலை முடிந்தது என்பதற்கு "ஜே ஃபினி" என்று சொல்லவேண்டிய இடத்தில் "ஜெ சுவி ஃபினி" என்பார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அது "என் கதை முடிந்தது" என்று கேட்கும். இடைவேளையில் கூட்டாளிகளோடு ஆங்கிலத்திலேயே கதைப்பதால் வருவது இது. மருந்து இரண்டு. ஒன்று 'எக்ஸ்புளோர்' என்கிற, பிரெஞ்சு படிப்பதற்கான ஐந்து கிழமை உதவித்திட்டம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு அதற்குள் அடங்கும். பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் உங்களுடையது. விண்ணப்பம் மாரிகாலத்திலேயே தொடங்கிவிடும், கோடை வரட்டும் என்று இருந்தால் போய்விடும். கியூபெக்கின் ட்ரோய் பிஸ்தோலில் வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1932இல் தொடங்கிய பள்ளியைப் போன்ற இடங்களில் நாள் முழுக்கப் பிரெஞ்சுதான். தொடர்ந்து ஆங்கிலம் கதைத்தால் வீட்டுக்கு அனுப்பவும் செய்வார்கள். பதினாறு வயதுப் பிள்ளையைத் தனிய அனுப்பவோ என்று யோசிப்பீர்கள். அனுப்புங்கள்.

மற்றது டெல்ஃப் பி2 பரீட்சை, பிரான்ஸ் அரசாங்கத்தின் பிரெஞ்சுமொழித் தகுதிப் பரீட்சை. பல பள்ளிச்சபைகள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நடத்துகின்றன, சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். நாலு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. மொத்தம் 50 எடுக்க வேண்டும், எந்தப் பகுதியிலும் ஐந்துக்குக் கீழே போகக்கூடாது. எழுத்தில் ஒரு மணித்தியாலத்தில் 250 சொல். வாய்மொழியில் அரை மணித்தியாலம் ஆயத்தம், இருபது நிமிடம் பேச்சு. நல்ல பிள்ளைகளும் இங்கேதான் புள்ளியை விடுகிறார்கள்: கொடுத்த கட்டுரையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு இருந்துவிடுவார்கள். கேட்பது அவளுடைய நிலைப்பாடு, அதற்குக் காரணம், எதிர்க்கேள்விக்குப் பதில். உங்கள் மகள் பெரியப்பாவோடு வாதாடுவதைப் பார்த்தால் அதற்குப் பயிற்சி இருக்கிறது போலத் தெரிகிறது.

பட்டத்துக்கு யோர்க் பல்கலைக்கழகத்தின் கிளெண்டன் வளாகம் போதும். இருமொழி வளாகம், வீட்டிலிருந்து போய்வரலாம். கலைப்பீடக் கட்டணம் வருடத்துக்கு ஆறாயிரம் டாலரை ஒட்டி. பெரியப்பாவின் மகன் படிக்கிற கொம்பியூட்டர் எஞ்சினியரிங் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பெரியப்பா கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஆனால் முதல் பட்டத்துக்கே பாரிஸ் தனியார் கல்லூரி, அதற்கு வீட்டை ஈடுவைத்துக் கடன் என்று பிள்ளை கேட்டால் "இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அந்த விஷயத்தில் நான் பிள்ளையின் பக்கம் இல்லை. விமிக்கு மே முதல் ஓகஸ்ட் வரையான தவணையைப் பலரும் கேட்பார்கள். கிடைக்காமல் செப்டெம்பரிலோ ஜனவரியிலோ போனால் ஒரு செமஸ்டர் தவறும். வருடத்தில் ஒருமுறை மட்டும் வைக்கிற கட்டாயப் பாடம் அதற்குள் விழுகிறதா என்று முதலே பாருங்கள். படிப்பில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி வந்தால் ஓசாப் என்கிற ஒன்ராறியோ மாணவர் கடனைத் திருப்பிக் கட்டும் காலம் தொடங்கிவிடும்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது சின்ன வேலை. பள்ளிக்கூட கைடன்ஸ் ஆசிரியரோடு இருபது நிமிடம் நேரம் எடுங்கள். மகளும் வரட்டும், பெரியப்பா வேண்டாம். எத்தனை பிரெஞ்சுக் கிரெடிட் சேர்ந்திருக்கிறது, பத்துக்கு எத்தனை குறைகிறது, டெல்ஃப் பதிவு எப்போது என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். கணிதமும் பௌதிகவியலும் எடுக்க அவளுக்கே விருப்பமா என்று அங்கே, ஆசிரியர் முன்னாலேயே கேளுங்கள். பதிலை அவள் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.