வானத்தின் ஆணையும் மக்களின் தீர்ப்பும்

கேள்வி: கொடுங்கோல் மன்னனை அகற்றலாம் என்று பண்டைச் சீனத் தத்துவஞானி மென்சியசும் இங்கிலாந்தின் தத்துவஞானி ஜான் லாக்கும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்க, சீனச் சிந்தனை கீழ்ப்படிதலையும் மேற்கத்தியச் சிந்தனை உரிமையையும் போற்றுகிறது என்று பொதுவாகச் சொல்வது சரிதானா?

பதில்: அந்தப் பொதுக்கூற்றை நான் ஏற்பதில்லை. அதிகாரத்துக்கு அடங்கி நடப்பதை வலியுறுத்தியவர்கள் இரு மரபுகளிலும் உண்டு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் சட்டத்தையும் தண்டனையையும் ஆட்சிக்கு அடிப்படையாக வைத்தார். ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் 1651-இல் பங்கிட முடியாத இறையாண்மையை வேண்டினார். ஆகவே நீங்கள் குறிப்பிட்ட இருவரையே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அமைச்சன் தன் மன்னனைக் கொல்வது முறையா என்று ச்சி நாட்டு அரசன் கேட்டபோது, அறத்தையும் நீதியையும் அழித்தவன் மன்னனாக இல்லாமல் வெறும் தனியாளாகிவிடுகிறான் என்றும், ஷாங் என்னும் பழைய சீன வம்சத்தின் கொடுங்கோலனான கடைசி அரசனின் சாவு அத்தகைய ஒரு தனியாளின் சாவே என்றும் மென்சியஸ் விடையளித்தார். ஓர் அரசனின் முகத்துக்கு நேரே இதைச் சொன்ன துணிவு இன்றும் என்னை வியக்க வைக்கிறது. மிங் வம்சத்தை நிறுவிய பேரரசர் ஹோங்வூ இத்தகைய பேச்சைப் பொறுக்காமல், 1394-இல் மென்சியசின் நூலிலிருந்து 85 பகுதிகளை நீக்கச் செய்தார்.

மன்னன் தகுதி இழந்துவிட்டான் என்று தீர்மானிப்பவர் யார் என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். மக்களின் கண்களால் வானம் பார்க்கிறது, மக்களின் செவிகளால் வானம் கேட்கிறது என்னும் பழைய வாக்கை மென்சியஸ் எடுத்தாள்கிறார். அவரிடம் மக்கள், வானத்தின் ஆணைக்கு, அதாவது ஆளும் உரிமையை வானமே மன்னனுக்கு அளிக்கிறது என்னும் கருத்துக்கு, சாட்சிகளே; தீர்ப்பு வழங்குபவர்கள் அல்லர். மன்னனை மாற்றும் பொறுப்பை அவர் அரச குலத்து அமைச்சர்களிடம் விடுகிறார். மற்ற அமைச்சர்கள் எடுத்துச் சொல்லலாம், கேட்காவிட்டால் விலகிப் போகலாம். 1689-இல் வெளிவந்த நூலில் லாக், ஆட்சி என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு என்பதால், அந்த நம்பிக்கை மீறப்பட்டதா என்று தீர்ப்பளிக்க உரியவர்கள் மக்களே என்கிறார். (மண்ணில் நடுவர் இல்லாதபோது வானத்திடம் முறையிடுவதைப் பற்றி அவரும் பேசுகிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.)

மன்னனை எடைபோட நிலையான ஏற்பாடு எதையும் சொல்லாமல் மென்சியஸ் விட்ட இடைவெளியைச் சீன அறிஞர்கள் உணராமல் இல்லை. மிங் வம்சத்தின் வீழ்ச்சியைக் கண்ட அறிஞர் ஹுவாங் சோங்சி, நல்ல மனிதரை நம்புவதற்கு முன் நல்ல சட்டம் வேண்டும் என்று 1663-இல் எழுதினார். பேரரசர் மாதந்தோறும் தலைநகரின் கல்விக்கழகத்துக்குச் சென்று, மாணவர் வரிசையில் அமர்ந்து, ஆட்சியின் குறைகளைக் கல்விக்கழகத் தலைவர் தயக்கமின்றிச் சொல்லக் கேட்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். தீர்ப்பளிப்பவர் யார் என்ற லாக்கின் கேள்விக்கு மிக அருகில் வந்த சீன விடை இது என்று கருதுகிறேன். ஆயினும் அங்கும் ஆட்சியை எடைபோடும் இடம் கற்றவர்களுக்கே கிடைத்தது, எல்லா மக்களுக்கும் கிடைக்கவில்லை.