வாசகர் கேள்விகள்: நியூ ஆர்லியன்ஸின் முதல் பேஸ்பால் கிளப்புகள்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கிலிருந்து வந்த படைவீரர்கள்தான் தென் மாநிலங்களில் பேஸ்பாலைப் பரப்பினார்கள் என்று படித்திருக்கிறேன். நியூ ஆர்லியன்ஸ் நகருக்கும் இது பொருந்துமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பொருந்தாது. போர் மூண்டது 1861 ஏப்ரலில். லூயிசியானா மாநிலத்தைச் சேர்ந்த நியூ ஆர்லியன்ஸில் அம்மாநிலத்தின் பெயரிலேயே லூயிசியானா பேஸ்பால் கிளப் தொடங்கப்பட்டது 1859 ஜூலையில். ஏறத்தாழ 75 இளைஞர்கள் ஒன்றுகூடி அந்தக் கிளப்பை அமைத்தார்கள். எதிர்த்து ஆட வேறு கிளப் இல்லாததால் தமக்குள்ளேயே இரண்டு அணிகளாகப் பிரிந்துகொண்டு, அப்போதைய நகர எல்லைக்கு வெளியே இருந்த டெலாஷேஸ் குடும்பத்துப் பண்ணை நிலத்தில் வாரத்தில் இருமுறை ஆடினார்கள். அந்த ஊரின் கோடை நம் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததல்ல; புழுக்கம் வேறு. ஆகவே பொழுது புலரும் வேளையிலேயே மைதானத்திற்கு வந்துவிடுவது அவர்கள் வழக்கம். அந்த ஆண்டு முடிவதற்குள் நகரில் மேலும் பல கிளப்புகள் முளைத்துவிட்டன.

ஆட்டம் அங்கே வந்து சேர்ந்த வழியைப் புரிந்துகொள்ள அந்நகரத்தின் வணிகத்தைப் பார்க்க வேண்டும். 1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நியூ ஆர்லியன்ஸின் மக்கள்தொகை 1,68,675. பின்னர் கூட்டமைப்பு மாநிலங்களாகப் பிரிந்து நின்ற தென்பகுதியில் அதுவே மிகப் பெரிய நகரம். மிசிசிப்பி ஆற்றின் வழியாக இறங்கி வந்த பருத்தி அங்கிருந்துதான் கப்பலேறியது. பருத்தித் தரகர்கள், வங்கி எழுத்தர்கள், கப்பல் முகவர்கள் எனப் பலரும் நியூயார்க்கிலிருந்து வந்து குடியேறியவர்கள், அல்லது அந்நகரோடு அன்றாடம் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர்கள். நியூயார்க்கின் விளையாட்டு வார இதழ்களும் தெற்கே தவறாமல் வந்துகொண்டிருந்தன. 1857-இல் நியூயார்க் கிளப்புகள் மாநாடு கூட்டி, ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றும், ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய தளங்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி என்றும் விதிகளை வரையறுத்தன. இரண்டே ஆண்டுகளில் அவ்விதிகள் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து சேர்ந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பந்தும் மட்டையும் அந்த ஊருக்குப் புதியவையும் அல்ல. ஆங்கிலேயர்கள் அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், செவ்விந்தியர்களிடமிருந்து வந்த ராக்கெட் என்னும் வலைக்கோல் பந்தாட்டத்திற்குப் பெருங்கூட்டம் திரண்டது.

போருக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. போரின் தொடக்கத்தில் தென்படை பிடித்த வடக்குக் கைதிகளில் ஒரு பகுதியினர் நியூ ஆர்லியன்ஸ் சிறையிலும், வேறு சிலர் அலபாமாவின் டஸ்கலூசாவிலும் அடைக்கப்பட்டிருந்தார்கள். இரு கூட்டத்தாரும் பின்னர் வட கரோலினாவின் சாலிஸ்பரி முகாமுக்கு மாற்றப்பட, 1862-இல் அங்கே நியூ ஆர்லியன்ஸ் கைதிகளும் டஸ்கலூசா கைதிகளும் எதிரெதிர் அணிகளாக நின்று பேஸ்பால் ஆடினார்கள். முகாமிலிருந்த ஓட்டோ போட்டிகர் என்னும் ஓவியர் அங்கு நடந்த ஓர் ஆட்டத்தை வரைந்திருக்கிறார். 1863-இல் அச்சாகி வெளிவந்த அந்தப் படம் இன்றும் புகழ்பெற்றது. போர்வீரர்தாம் பேஸ்பாலைப் பரப்பினார்கள் என்ற கருத்து ஊன்றிப்போனதற்கு அந்தப் படமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கிராமப்புறத் தெற்குக்கு அந்தக் கருத்து ஓரளவு பொருந்தலாம். துறைமுக நகரமான நியூ ஆர்லியன்ஸைப் பொறுத்தவரை, வணிகம் கொண்டுவந்த ஆட்டத்தைப் போர் சில ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது என்பதே சரி. 1862 ஏப்ரல் இறுதியில் நகரம் வடக்குக் கடற்படையிடம் வீழ்ந்தபோது, மைதானத்தில் நின்றிருக்க வேண்டிய இளைஞர்களில் பலர் தென்படையின் சீருடையில் இருந்தார்கள்.

அவர்கள் திரும்பிவந்த பிறகு ஆடிய கிளப்புகளின் பெயர்களில் போரின் தழும்பு தெரிகிறது. லோன் ஸ்டார், பெலிகன், சதர்ன் ஆகியவற்றோடு, தென்படைத் தளபதி ராபர்ட் ஈ. லீயின் பெயரிலேயே ஒரு கிளப் இருந்தது. அந்தத் தளபதி காலமானது 1870 அக்டோபரில்தான்; அவர் உயிரோடிருந்தபோதே அவர் பெயர் தாங்கிய அணி ரன் குவித்துக்கொண்டிருந்தது.

கேள்வி: அந்தக் கால ஆட்டம் இன்றைய பேஸ்பாலைப் போலவே இருந்ததா? (வாசகி, மதுரை)

பதில்: இன்று பார்த்தால் அடையாளம் தெரியும், ஆனால் வேகம் வேறு. பந்து வீசுபவர் கையைத் தாழ்த்தி, கீழிருந்தே பந்தைப் போட வேண்டும். மட்டைக்காரர் அடிப்பதற்கு வாகாகப் போட வேண்டும் என்பதே அன்றைய எண்ணம். கையுறை கிடையாது. அடித்த பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பியபின் பிடித்தாலும் ஆட்டக்காரர் அவுட். வெறுங்கையால் பிடிப்பவர்களின் விரல்களுக்கு இந்த விதி பெரும் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தச் சலுகை 1865 பருவத்திலிருந்து நீக்கப்பட்டது. இத்தகைய விதிகளால் ஒரே ஆட்டத்தில் ஐம்பது, அறுபது ரன்கள் எடுப்பதெல்லாம் அன்று சாதாரணம்.

பரிசுப் பணம் இல்லை. தோற்ற கிளப் ஆட்டப் பந்தை வென்ற கிளப்பின் தலைவரிடம் முறைப்படி ஒப்படைக்கும். வென்றவர்கள் அதற்குப் பொன்வண்ணம் பூசி, நாளையும் ரன் கணக்கையும் எழுதிக் கிளப் அறையின் கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். பிறகு இரு தரப்பும் சேர்ந்து விருந்துண்பது மரபு.

கேள்வி: சம்பளம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் கிளப் என்றால் யார் வேண்டுமானாலும் சேரலாமா? கறுப்பினத்தவர் ஆடினார்களா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: சேர முடியாது. உறுப்பினர்கள் வாக்களித்துச் சேர்த்துக்கொண்டால்தான் இடம். சந்தா கட்ட வேண்டும், சீருடை தைத்துக்கொள்ள வேண்டும், வேலை நாளில் ஓய்வும் வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு இவற்றில் எதுவும் எளிதல்ல. அமெச்சூர் என்ற அடைமொழியில் ஆட்டத்தின்மீதான காதல் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவு வர்க்க வேலியும் இருந்தது என்பது என் கருத்து. நிற வேலியோ எழுத்திலேயே போடப்பட்டது: கறுப்பின உறுப்பினர்களைக் கொண்ட எந்தக் கிளப்பையும் சேர்ப்பதில்லை என்று தேசிய பேஸ்பால் ஆட்டக்காரர் சங்கம் 1867 டிசம்பரில் முடிவு செய்தது.

ஆயினும் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று கிளப்புகளை அமைத்துக்கொண்டார்கள். அவற்றுள் 1880-களில் சிறந்து விளங்கியது பிஞ்ச்பேக் கிளப். 1872 டிசம்பர் 9 முதல் 1873 ஜனவரி 13 வரை லூயிசியானாவின் ஆளுநராக இருந்து, அமெரிக்க மாநிலமொன்றில் அப்பதவி வகித்த முதல் கறுப்பினத்தவர் என்ற பெருமையைப் பெற்ற பி. பி. எஸ். பிஞ்ச்பேக்கின் பெயர் அது. ஒரு பக்கம் லீ கிளப், மறுபக்கம் பிஞ்ச்பேக் கிளப்; அந்நகரத்தின் அரசியலை அணிப் பெயர்களைக் கொண்டே படித்துவிடலாம். பிஞ்ச்பேக் அணி 1888-இல் சிகாகோ வரை சென்று ஆடியது. அந்தப் பத்தாண்டின் நடுவில் வெள்ளையர் அணிகளும் கறுப்பினத்தவர் அணிகளும் மோதிய ஆட்டங்களும் நகரில் நடந்தன. பத்தாண்டு முடிவதற்குள் அவை நின்றுபோயின. 1890-இல் ரயில் பெட்டிகளையே நிறவாரியாகப் பிரிக்கும் சட்டத்தை லூயிசியானா இயற்றியது.

கேள்வி: அமெச்சூர் கிளப்புகளின் காலம் எப்போது முடிந்தது? (வாசகர், ஈரோடு)

பதில்: 1870 ஏப்ரலில் அதற்கான அறிகுறி தெரிந்துவிட்டது. வெளிப்படையாகவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சம்பளம் கொடுத்த முதல் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ், 1869 முழுவதும் தோல்வியே காணாமல் ஆடிவிட்டு அந்த வசந்தத்தில் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது. உள்ளூர்க் கிளப்புகளை ஒவ்வொன்றாக எதிர்கொண்டு எல்லாவற்றையும் பெரும் வித்தியாசத்தில் வென்று சென்றது. சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸும் அதே வசந்தத்தில் அங்கு வந்து பயிற்சி செய்தது. குளிர்ப் பிரதேச அணிகள் பருவத்துக்கு முன் தெற்கே இறங்கிவந்து பயிற்சி எடுக்கும் வழக்கத்தின் தொடக்கமாக இதைப் பலர் குறிப்பிடுகிறார்கள்.

1887-இல் தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸ் சதர்ன் லீகில் சேர்ந்து, முதல் பருவத்திலேயே பட்டத்தை வென்றது. பழைய கிளப்பின் பெயர் நிலைத்தது, சந்தா கட்டி ஆடிய உறுப்பினர்களின் இடத்தில் சம்பளக்காரர்கள் வந்தார்கள். கத்தோலிக்கர் மிகுந்த ஊர் என்பதால், வடக்கில் பல நகரங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைத் தடை செய்திருந்தபோதும் இங்கே அதற்குத் தடையிருக்கவில்லை. சீட்டு விற்றுப் பிழைத்த அணிக்கு அது பெரிய வசதி. மழையால் ஆட்டம் நின்றுபோனால் வேறொரு நாள் வந்து பார்ப்பதற்கு உதவும் கிழிசீட்டு முறையைப் புகுத்தியவர் அந்த அணியை நடத்திய ஏப்னர் பவல் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.