நோயாளி தேத்தண்ணி கேட்கிறார், என்ன செய்வது?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு ஆஸ்பத்திரியில் பேச்சு மொழிச் சிகிச்சையாளராக வேலை தொடங்கிச் சில மாதங்கள்தான். பாரிசவாதம் வந்த 72 வயது ஐயா ஒருவருக்கு விழுங்குவது சிரமம், பேச்சும் வரவில்லை. வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று எழுதினேன். அவரோ தேத்தண்ணிக் கோப்பையைக் கைகாட்டுகிறார். இரவில் மகள் கரண்டியால் பருக்குகிறாராம். டொக்டரிடம் சொன்னால் மகளுக்கு ஏச்சு விழும். சொல்லாமல் விடவும் பயம்.

பதில்: இன்றைக்கே மகளிடம் பேசுங்கள், குற்றம் பிடிக்கிற குரலில் வேண்டாம். எவ்வளவு கொடுத்தார், நிமிர்த்தி இருத்தினாரா, பிறகு குரல் கரகரத்ததா என்று கேளுங்கள். “இருமவே இல்லை” என்பார். பாரிசவாதத்துக்குப் பிறகு சிலருக்கு இருமலே இல்லாமல் நீர் சுவாசப்பைக்குள் இறங்கும் என்பதை அவருக்கு விளக்குங்கள். டொக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். சுவாசப்பையில் கிருமி தொற்றி ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தால் டொக்டருக்கு அந்தத் தகவல் தேவை. அதை மகளிடம் முதலே சொல்லிவிடுங்கள். மறைப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, ஐயாவிடம் யார் கேட்டார்கள்? உங்கள் கடிதத்தில் அவர் கைகாட்டுவதோடு நின்றுவிடுகிறார். பேச்சை இழந்தவரின் விருப்பத்தைக் கேட்டறியப் பயிற்சி பெற்றவர் அந்த வாட்டில் நீங்கள்தான். படம், குறுகிய வசனம், தலையாட்டல் எல்லாம் பயன்படுத்துங்கள். “குடிக்க வேணுமா?” என்றும், சற்றுப் பொறுத்து “குடிக்காமல் விடுவோமா?” என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தப் பதிலை நம்ப முடியாது. அவர் களைப்பில்லாத நேரத்தில், மறுநாளும் கேளுங்கள். ஆபத்து அவருக்குப் புரிகிறதா என்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

புரிந்துகொண்டும் வேண்டும் என்கிறாரா? விசேட வைத்திய நிபுணர், தாதியர், மகள் எல்லோரையும் கூட்டிப் பேசி முடிவெடுங்கள், தனியே சுமக்காதீர்கள். வாயைச் சுத்தமாக வைத்து, நிமிர்த்தி இருத்தி, நல்ல விழிப்பில் இருக்கும்போது சில கரண்டி கொடுப்பது ஒரு வழி. தேத்தண்ணியைக் கூழ்போலத் தடிப்பாக்கிக் கொடுப்பது இன்னொன்று. ஆனால் அந்தத் தடிப்பு பலருக்குப் பிடிக்காது. குடிப்பது குறைந்து உடம்பில் நீர் வற்றிவிடலாம். ஆரம்ப வாரங்களில் விழுங்கும் திறன் மாறிக்கொண்டிருக்கும், அதனால் மறுபடி சோதித்து உங்கள் பழைய குறிப்பை மாற்றத் தயங்காதீர்கள். ஐயா என்ன கேட்கப்பட்டார், எப்படிப் பதில் சொன்னார் என்பதை அவருடைய குறிப்பேட்டில் எழுதுங்கள்.

ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படித்தவரானால் உங்கள் ஆசிரியர்களிடமும் ஆலோசனை கேட்கலாம். பெயரை மட்டும் மறைத்தால் போதாது. நம்முடைய ஊர்களில் வயதையும் ஊரையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பட்ச் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கதையைப் போடவே வேண்டாம்.