விளை அண்ணனுக்கு, கவனிப்பு எனக்கா?

கேள்வி: அப்பா தன் ரப்பர் விளையை (தோட்டத்தை) 2016-ல் அண்ணனுக்கு மட்டும் செட்டில்மென்ட் எழுதினார். இப்போது படுக்கையில் கிடக்கிறார், பார்ப்பது நான். அண்ணன் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன செய்ய?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அவர் சுயமாகச் சம்பாதித்த விளை என்றால், யாருக்கும் எழுதலாம், பங்கு கேட்க முடியாது. ஆனால் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை இருந்தால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் பிரிவு 23-ன்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனு அப்பாவுடையதாக இருக்க வேண்டும். பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடம் கொடுக்கலாம்.

அதற்குமுன் மருந்து, டயப்பர், ஹோம் நர்ஸ் செலவை மாதவாரியாக எழுதி அண்ணனுக்கு அனுப்புங்கள். தொகையை மட்டும் கேளுங்கள். 'சின்னதிலிருந்தே நீதான் செல்லம்' என்று ஆரம்பித்தால், மருந்துச் செலவுப் பேச்சு அப்படியே நின்றுவிடும், பழங்கதைதான் ஓடும். இன்னொன்று, பராமரிக்கும் கடமை மகளுக்கும் சட்டப்படி உண்டு.