ஐசியு நர்ஸ் கற்பிக்கும் பக்கம் போக எம்.எஸ்சி. வேண்டுமா?

கல்லூரிக்கு என்றால் வேண்டும். டியூட்டராக (கல்லூரியின் தொடக்கநிலை ஆசிரியராக) மட்டும் பி.எஸ்சி.யும் அனுபவமும் வைத்துக்கொண்டு நுழையலாம். அதற்குமேல் ஏற எம்.எஸ்சி. இல்லாமல் முடியாது. நோயாளியின் பக்கத்தை விட்டு விலக மனமில்லாதவர்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் 2 வருட நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிகல் கேர் படிப்பு இருக்கிறது. பெரும்பகுதி ஐசியுவிலேயே கழியும். நீங்கள் பி.எஸ்சி. முடித்து ஐசியுவில் இருப்பவர் என்று வைத்துச் சொல்கிறேன்.

ஆனால் யூனிட்டுக்குள் புதியவர்களைத் தயார் செய்ய எந்தப் பட்டமும் தேவையில்லை. எதை, எந்த வரிசையில் சொல்லித்தருவது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க சிரிஞ்ச் பம்பில் தொடர்ந்து ஓடும் மருந்தான நோரட்ரினலினையே எடுத்துக்கொள்ளுங்கள். 4 மி.கி. மருந்தை 50 மி.லி.யாக்கினால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 4.5 மி.லி. (உங்கள் யூனிட்டில் அடர்த்தி வேறாக இருக்கலாம், சண்டைக்கு வராதீர்கள்.) சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்க்காமல் இதைப் போடத் தெரிந்த பிறகுதான் சிரிஞ்ச் மாற்றவே விட வேண்டும்.

மாற்றும்போதுதான் பிரஷர் விழும். புது சிரிஞ்சின் பிளஞ்சருக்கும் பம்ப் தள்ளுகோலுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். இவ்வளவு குறைந்த வேகத்தில் அது நிரம்பவே சில நிமிடம் ஆகிவிடும். அதனால் பழையது தீருமுன்பே இரண்டாவது பம்பில் புதியதை ஏற்றி, லைனை நோயாளியோடு இணைக்காமல் பர்ஜ் செய்து (பம்பை வேகமாக ஓட்டி லைனை மருந்தால் நிரப்பி), நுனியில் சொட்டு வந்தபின் இணைக்கச் சொல்லுங்கள். இணைத்துவிட்டு பர்ஜ் கொடுத்தால் அந்த மருந்து மொத்தமும் போலஸாக, அதாவது ஒரே தள்ளலில், உள்ளே போய் பிரஷர் எகிறும்.

அடுத்து டிரான்ஸ்டூசர், அதாவது தமனி லைனின் அழுத்தத்தை மானிட்டருக்கு அனுப்பும் சென்சார். கட்டிலை 10 செ.மீ. உயர்த்திவிட்டு ஸ்டாண்டில் அதை அப்படியே விட்டால், மானிட்டர் ரத்த அழுத்தத்தைச் சுமார் 7 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். சராசரி அழுத்தம் 65 என்று நம்பி நோரட்டைக் குறைப்பார்கள். உண்மையில் அது 58. அது இருக்க வேண்டிய இதய மட்டம் நான்காவது விலா இடைவெளி, நடு அக்குள் கோடு: புதியவரின் விரலாலேயே தொட்டுக் காட்ட வையுங்கள்.

அவர் தடுமாறும்போது பம்பைப் பிடுங்காதீர்கள். "இப்போ என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, ஆபத்தில்லாதவரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

இதெல்லாம் நடக்க ஆள் கணக்கு சரியாக இருக்க வேண்டும். பல இடங்களில் புதியவரை முதல் வாரமே முழு ஸ்டாஃபாக எண்ணி, சொல்லித்தருபவருக்கும் இரண்டு வென்டிலேட்டர் நோயாளிகளைக் கொடுத்துவிடுகிறார்கள். எஜுகேட்டர் என்று தனியாகப் போட்டால், அவரை இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஃபைல் அடுக்க அனுப்பிவிடுகிறார்கள். வேலைக்குச் சேருமுன் இந்த இரண்டையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.